கழுவாத கினோவாவும் கட்டுரை சொல்லாத கணக்கும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், காலை உணவாகக் கினோவாவை உண்பது பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தது ஆர்வத்தால். இரண்டாம் முறை படித்தது, எதையோ பார்க்காமல் தாண்டிவிட்டோமோ என்ற ஐயத்தால். கினோவா நல்ல உணவு என்பதில் எனக்கும் கட்டுரையாளருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சில ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நான்கு நாள் காலையில் நான் அதைத்தான் கஞ்சியாக்கி உண்கிறேன். ஆனால், அந்தக் கட்டுரையை நம்பி நாளைக் காலை முதன்முதலாகக் கினோவாவை அடுப்பில் ஏற்றப்போகிற ஒருவர், அதைக் கழுவ வேண்டும் என்பதையே அறியாமல் ஏற்றுவார். கிண்ணத்தில் உள்ளதைப்போல மும்மடங்கு புரதம் தமக்குக் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வார். கசப்புத் தாங்காமல் அடுத்த வாரம் கினோவா என்று பெயர் பொறித்து, வேறு பொருள்கள் கலந்து விற்கும் ஓர் அட்டைப்பெட்டிக் காலை உணவை வாங்கிவந்து, இரண்டும் ஒரே பொருள்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வார். இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: கினோவா என்பது கழுவி, அளந்து, வேகவைத்து உண்ண வேண்டிய ஒரு விதை என்ற எளிய செய்தி அந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை.

கழுவுவதில் தொடங்குகிறேன்; ஏனெனில் அதில்தான் நானே முதலில் ஏமாந்தேன். வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆகவே என் அறியாமைக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. முதல் பொட்டலத்தைப் பிரித்த அன்று, ஒரு குவளை விதையை அப்படியே பாலில் கொட்டி அடுப்பில் வைத்தேன். கொதி வந்ததும் பாத்திரத்தின் விளிம்புவரை நுரை எழுந்தது. பால்தான் பொங்குகிறது என்று தீயைக் குறைத்தேன். குறைத்த பின்னும் நுரை அடங்கவில்லை. வெந்ததை வாயில் வைத்தபோது, முகம் கழுவும்போது தவறிச் சோப்பு நீர் உள்ளே போனால் எப்படி இருக்குமோ அப்படியொரு கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விற்றவரை மனத்துக்குள் ஏசிவிட்டு, பாத்திரத்தை அப்படியே கவிழ்த்தேன். சரக்கில் குறையொன்றும் இல்லை, குறை என்னிடம்தான் என்பது பிறகு விளங்கியது.

கினோவா விதையின் வெளியுறையில் சபோனின் என்னும் கசப்புப் பொருள் இருக்கிறது. சோப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கொழுப்போடு சேரும் பகுதியும் நீரோடு சேரும் சர்க்கரைத் தொடரும் ஒரே மூலக்கூறில் இணைந்திருப்பதால், நீரில் போட்டுக் கலக்கினால் சோப்பைப் போலவே நுரைக்கிறது. செடியைப் பொறுத்தவரை இது காவற்காரன்; கசப்புக்கு அஞ்சிப் பறவைகள் பெரும்பாலும் கதிரை அண்டுவதில்லை. கினோவாவின் தாயகமான ஆண்டீஸ் மலைநாட்டில், விதையைத் தேய்த்து, பலமுறை நீரில் அலசிக் கசப்பை நீக்கிய பிறகே சமைப்பது வழக்கம். அலசிய நுரைநீரைத் துணி வெளுக்கப் பயன்படுத்துவதும் உண்டு. கசப்பு மிகுந்த இரகம், கசப்புக் குறைந்த இரகம் என்று அங்குள்ள உழவர்கள் பிரித்து அறிந்திருக்கிறார்கள். 2017இல் கினோவாவின் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டபோது, சபோனின் உருவாவதைக் கட்டுப்படுத்துவதாகக் கருதப்படும் மரபணுவையும் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். கசப்பில்லாத இரகங்களை விரைவில் உருவாக்கலாம் என்ற நம்பிக்கை அதனால் எழுந்தது. பன்னாட்டு உணவுத் தரநெறிகளை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் 2019இல் கினோவாவுக்கென்று ஒரு தரநெறியை ஏற்றுக்கொண்டபோது, சபோனின் அளவையும் அதில் கருத்தில் கொண்டது. இத்தனை பேர் கவலைப்பட்ட ஒரு பொருளுக்குத் தங்கள் கட்டுரை ஒரு வரியும் ஒதுக்கவில்லை.

கழுவியே விற்கிறோம் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பார்களே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், இப்போது விற்பனைக்கு வரும் கினோவாவில் பெரும்பகுதி இயந்திரத்தில் தோல் தேய்க்கப்பட்டோ கழுவப்பட்டோதான் வருகிறது. ஆயினும் தேய்த்த தூள் விதைமேல் படிந்திருக்கலாம். எஞ்சிய சபோனின் நஞ்சன்று; ஆனால் கசக்கும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும். ஆகவே ஒருமுறையாவது நாமே அலசிவிடுவது நல்லது. விதையின் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான் என்பதால், கண் அகன்ற வடிகட்டியில் போட்டால் பாதி விதை நீரோடு ஓடிவிடும். சன்னமான கம்பிவலை வடிகட்டியோ மெல்லிய துணியோ வேண்டும். குளிர்ந்த நீரில் விரல்களால் நன்றாகப் பிசைந்து அலசி, நுரை வருவது நிற்கும்வரை நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குப் பெரும்பாலும் மூன்றாவது நீரிலேயே நுரை நின்றுவிடுகிறது. ஐயம் இருந்தால் நான்கைந்து விதைகளை வாயில் போட்டு மென்று பார்க்கலாம். கசப்பு தெரிந்தால் இன்னொரு நீர். சுடுநீரில் கழுவினால் விரைவில் முடியுமே என்று நானும் முயன்றிருக்கிறேன். விதைகள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அடுத்து, கட்டுரை முழுவதும் வரும், தானியம் என்று பொருள்படும் ‘சீரியல்’ என்ற ஆங்கிலச் சொல். (நம்மில் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வருகிறது, அது போகட்டும்.) தாவரவியல் கணக்கில் கினோவா தானியமே அன்று. கோதுமை, ஓட்ஸ், சோளம் எல்லாம் புல்லினத்தைச் சேர்ந்தவை. கினோவாவோ பாலக்கீரையும் பீட்ரூட்டும் சேர்ந்திருக்கும் அமராந்தேசியே என்னும் கீரைக் குடும்பத்தைச் சேர்ந்த செடியின் விதை. தானியத்தைப் போலச் சமைத்து உண்பதால் போலித் தானியம் என்று அதை வகைப்படுத்துகிறார்கள். இது வெறும் பெயர்ச் சண்டையன்று. தானிய மணியில் முளைக்கரு ஒரு மூலையில் சிறிதாக ஒடுங்கியிருக்கும். மாவுப் பகுதியே பெரும்பங்கு. கினோவாவிலோ முளைக்கரு, நடுவிலிருக்கும் மாவுப் பகுதியைச் சுற்றி மோதிரம் போல வளைந்து கிடக்கிறது. புரதமும் கொழுப்பும் தாதுக்களும் அந்த முளைக்கருவில்தான் செறிந்திருக்கின்றன. வெந்தவுடன் ஒவ்வொரு விதையிலிருந்தும் வெண்ணிற நூல் போன்ற ஒரு வால் பிரிந்து நிற்கும். முதன்முறை பார்த்தவர்கள் புழு என்று பயந்து கொட்டியதும் உண்டு. அந்த வால்தான் முளைக்கரு. விதை வெந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை.

இனி, எனக்குப் பெரிதும் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். காலையில் 100 கிராம் கினோவா உண்டால் 14 கிராம் புரதம் கிடைக்கும் என்று கட்டுரை கூறுகிறது. அந்த எண் பிழையன்று. அது உலர்ந்த விதைக்கு உரிய எண். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துப் பட்டியலின்படி, சமைக்காத 100 கிராம் கினோவாவில் ஏறத்தாழ 368 கலோரியும் 14 கிராம் புரதமும் 7 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. அதே பட்டியலில் சமைத்த கினோவாவைப் பார்த்தால், 100 கிராமில் ஏறத்தாழ 120 கலோரி, 4.4 கிராம் புரதம், 2.8 கிராம் நார்ச்சத்து. சத்து எங்கும் ஆவியாகிவிடவில்லை. விதை தன் எடையைப்போல இருமடங்குக்கு மேல் நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. ஆனால் உலர்ந்த விதையை யாரும் காலையில் மென்று தின்பதில்லை. ஒரு கோப்பை சமைத்த கினோவா, அதாவது ஏறத்தாழ 185 கிராம், காலைக்கு நிறைவான ஒரு கிண்ணம். அதில் உள்ள புரதம் 8 கிராம். ஒரு பெரிய முட்டையில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதல். இது மதிக்கத்தக்க அளவுதான். ஆனால் 14 என்று நம்பிக்கொண்டு, முட்டையையும் பாலையும் பருப்பையும் ஒதுக்கிவிடுகிறவருக்கு, குறிப்பாக வயதானவருக்கும் வளரும் பிள்ளைக்கும், இந்தக் கணக்குப் பிழை சிறிய பிழையன்று.

ஓட்ஸைவிடக் கினோவாவில் புரதம் மிகுதி என்ற வரியும் அப்படித்தான். உலர்ந்த எடைக்கு உலர்ந்த எடை என்று ஒப்பிட்டால், ஓட்ஸில் 100 கிராமுக்கு 13 முதல் 17 கிராம்வரை புரதம் இருப்பதாகப் பட்டியல்கள் காட்டுகின்றன. கினோவாவின் 14 கிராம் அந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது. நார்ச்சத்தில் ஓட்ஸே ஒரு படி முன்னே நிற்கிறது. இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும் பீட்டா குளூக்கன் என்னும் கரையும் நார், ஓட்ஸின் தனிச்சிறப்பு. கினோவாவின் மேன்மை புரதத்தின் அளவில் இல்லை, தன்மையில் இருக்கிறது. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் நம் உடலால் ஆக்கிக்கொள்ள இயலாத 9 அமிலங்களும் அதில் உள்ளன. அவற்றுள் தானியங்களில் பொதுவாகக் குறைவுபடும் லைசின் இதில் நல்ல அளவில் இருக்கிறது. இருந்தும், ‘முழுமையான புரதம்’ என்ற சொற்றொடரை மந்திரம்போல ஓத வேண்டியதில்லை. கிண்ணத்தில் பாலோ தயிரோ சேர்ந்துவிட்டால், ஓட்ஸின் லைசின் குறையும் அங்கேயே நேராகிவிடுகிறது.

என்னைக் கேட்டால், கினோவாவைப் புகழ வேண்டிய இடம் மெக்னீசியம். மேற்சொன்ன ஒரு கோப்பையில் ஏறத்தாழ 118 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கிறது; வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவில் கால் பங்குக்கும் மேல். ஃபோலேட் என்னும் வைட்டமினும் இரும்பும் கூட நல்ல அளவில் உண்டு. ஆனால் விளம்பரத்தில் மெக்னீசியத்துக்கு யாரும் மயங்குவதில்லை போலும். அங்கே புரதத்துக்கும் விண்வெளிக்கும்தான் மதிப்பு. விண்வெளி வீரர்களின் உணவு என்று தங்கள் கட்டுரையும் ஓரிடத்தில் சொல்கிறது. 1993இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஒரு தொழில்நுட்ப அறிக்கை, நீண்ட விண்வெளிப் பயணங்களில் மூடிய அமைப்புக்குள் பயிரிடத்தக்க பயிராகக் கினோவாவை முன்மொழிந்தது என்பதே அதன் பின்னாலுள்ள செய்தி. பயிரிடலாம் என்று முன்மொழிந்ததற்கும், வீரர்கள் நாள்தோறும் அதையே உண்கிறார்கள் என்பதற்கும் இடைவெளி நிறைய.

அட்டைப்பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டுரையோடு வெளியான படத்தில் இருந்தது சமைத்த கினோவா அன்று. தேன் பூசிய உருண்டைகளும் உலர்பழங்களும் கலந்த, பெட்டியில் விற்கும் காலை உணவு. கினோவா என்ற சொல் முன்பக்கத்தில் கையளவு எழுத்தில் இருந்தாலும், பெட்டிக்குள் எவ்வளவு கினோவா இருக்கிறது என்பதைச் சொல்வது பின்பக்கத்துப் பொடி எழுத்துதான். சேர்க்கப்பட்ட பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்த வேண்டும் என்பது பன்னாட்டு நெறி. நான் எடுத்துப் பார்த்த ஒரு பெட்டியில் முதலில் ஓட்ஸ், அடுத்து சர்க்கரை, பிறகு எண்ணெய், அதன்பின் இன்னும் சில பொருள்கள் கழிந்து, ஏழாவதாக வந்தது கினோவா. அதன் பங்கு நூற்றுக்கு ஐந்து என்றே வைத்துக்கொள்வோம். பெட்டி பரிந்துரைக்கும் 30 கிராம் பரிமாறலில் கினோவா ஒன்றரை கிராம். ஒரு தேக்கரண்டியைக்கூட அது நிரப்பாது. அதே பெட்டியில் 100 கிராமுக்கு 25 கிராம் சர்க்கரை இருந்தால், ஒரு கிண்ணத்தில் ஏழரை கிராம், ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி, பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகிறது. 30 கிராமோடு நிறுத்துகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றலை மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்குள் அடக்கவும், இயன்றால் 5 விழுக்காட்டுக்குள் குறைக்கவும் சொல்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு அந்த 5 விழுக்காடு என்பது 25 கிராம். தேனும் பழச்சாறும்கூட அந்தக் கணக்கில் சேரும் என்பதைத் தேனை மருந்தாகவே நினைக்கும் அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

பெட்டியில் வருவதெல்லாம் தீது என்று நான் சொல்லவில்லை. கினோவாவை மட்டும் தட்டிச் செய்த அவல் கிடைக்கிறது. வேறெதுவும் கலக்காததாக இருந்தால், அவசரமான காலையில் இரண்டு மூன்று நிமிடத்தில் கஞ்சியாகிவிடும்; எனக்கும் அது கைகொடுத்திருக்கிறது. கினோவாப் பொரி வேறு வகை: காற்றேறிப் பருத்திருப்பதால் ஒரு கிண்ணம் நிறைய எடுத்தாலும் எடை மிகக் குறைவு, பதினோரு மணிக்குப் பசித்துவிடும். அதைக் கஞ்சியின்மேல் மொறுமொறுப்புக்காகத் தூவிக்கொள்ளலாம். முழு உணவாக்க இயலாது.

முழு விதையைக் காலைக் கஞ்சியாக்கும் முறையைக் கட்டுரை ‘பாலில் வேகவைக்கவும்’ என்ற இரண்டு சொற்களில் முடித்துவிட்டது. பாலிலேயே தொடக்கத்திலிருந்து வேகவைத்தால் விதை மெல்ல வேகும், பால் அடிப்பிடிக்கும். நான் செய்வது இதுதான்: அலசிய விதை ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவைத்தால் கால் மணி நேரத்தில் நீர் வற்றி வால் பிரியும், அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மூடியே வைத்திருக்க வேண்டும். அதன்பிறகு ஒரு பங்கோ ஒன்றரைப் பங்கோ பால் ஊற்றி, மிதமான தீயில் நான்கைந்து நிமிடம் கிளறினால் கஞ்சிப் பதம் கிடைக்கும். சிட்டிகை உப்பு மறக்கக் கூடாது. அதுதான் எஞ்சியிருக்கும் மண்வாசனையைத் தணிக்கிறது. வெள்ளை விதை குழைந்து பாலோடு சேரும். சிவப்பும் கறுப்பும் கூடுதல் நேரம் கேட்கும், வெந்தபின்னும் பல்லுக்குத் தட்டுப்படும், ஆகவே கஞ்சிக்கு வெள்ளையே ஏற்றது. ஒவ்வொரு நாளும் விடியலில் இத்தனையும் செய்ய நேரம் இல்லாதவர்கள், முந்தைய இரவே நீரில் வேகவைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டால், காலையில் பால் சேர்த்துச் சூடாக்குவது மட்டுமே மிஞ்சும். அப்படி மூன்று நான்கு நாள்வரை வைத்திருக்கலாம். இனிப்பு வேண்டுவோருக்கு நன்கு பழுத்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்ப்பது போதும் என்பது என் அனுபவம்.

எந்தப் பழம் சேர்க்கிறோம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கினோவாவில் உள்ள இரும்பு, தாவர உணவுகளில் உள்ள மற்ற இரும்பைப் போலவே, எளிதில் உடலில் சேர்வதில்லை. விதையிலுள்ள பைட்டிக் அமிலம் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆரஞ்சு, கொய்யா, ஸ்ட்ராபெர்ரி போன்ற வைட்டமின் சி நிறைந்த பழத்தைக் கிண்ணத்தில் சேர்த்தால் உறிஞ்சப்படும் இரும்பு கூடும். கஞ்சியோடு சேர்த்தே தேநீரோ காபியோ குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். கட்டுரையின் படத்தில் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே ஆவி பறக்கும் காபிக் கோப்பையை வைத்திருந்தார்கள். படம் அழகாகத்தான் இருந்தது.

காலையில் கினோவா உண்பது அண்மையில் எங்கோ சிலர் கண்டுபிடித்த புதுமை என்ற தொனியும் கட்டுரையில் இருந்தது. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய நிலப்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிராகும் விதை அது. பெருவின் நகரங்களில், ஆப்பிளும் இலவங்கப்பட்டையும் சேர்த்துக் கொதிக்கவைத்த கினோவாவைக் குடிக்கும் பதத்தில் காலை நேரத் தள்ளுவண்டிகளில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே குடித்துவிட்டு நடக்கிறார்கள். மலைப்பகுதியில் பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் குழைய மசித்த பெஸ்கே என்னும் உணவு உண்டு; அதில் இனிப்பே கிடையாது. வறுத்து அரைத்த மாவைப் பித்தோ என்று சொல்லி, கரைத்துக் குடிப்பதும் அங்கே பழக்கம். இன்னொன்று, வேதியியல் ஆசிரியனுக்கு மட்டுமே சுவைக்கக் கூடியது: அந்த உயரத்தில் நீர் 100 டிகிரியில் அல்ல, ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெரிய பருப்பு வகைகளை அந்தச் சூட்டில் வேகவைப்பது பெரும்பாடு. கினோவா சிறிய விதை. அதன் மாவு 70 டிகிரிக்குள்ளாகவே இளகத் தொடங்கிவிடுவதால், அங்கேயும் குறையில்லாமல் வேகிறது.

யார் உண்ணலாம் என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் கினோவாவில் இல்லை. குளூட்டன் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் காலைக் கிண்ணத்தில் கிடைக்கும் நல்ல விடுதலை இது. ஆனால் கோதுமை அரைக்கும் ஆலையிலேயே பொதியப்பட்ட கினோவாவில் கோதுமைத் துகள் கலந்திருக்கக் கூடும் என்பதால், அவர்கள் குளூட்டன் அற்றது என்ற குறிப்புள்ள பொட்டலத்தையே வாங்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு, உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு கினோவாவுக்கு 53 அளவில் இருப்பது சாதகமே. ஆனாலும் அது மாவுச்சத்து நிறைந்த உணவுதான், கோப்பைக்கு ஏறத்தாழ 39 கிராம். அளவில்லாமல் உண்ணலாம் என்று எவரும் பொருள் கொள்ளக் கூடாது. கீரைகளில் மிகுந்திருக்கும் ஆக்சலேட் என்னும் பொருளால் சிறுநீரகக் கல் வந்தவர்கள், பாலக்கீரையின் உறவுக்காரச் செடி இது என்பதை நினைவில் வைத்து, நாள்தோறும் உண்பதற்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமையும் வருவதுண்டு.

கட்டுரைக்கு மறுப்பாகத் தாங்கள் வெளியிட்ட வாசகர் கடிதம் ஒன்று, நாம் கினோவா உண்பதால் ஆண்டீஸ் ஏழைகள் தங்கள் உணவையே இழக்கிறார்கள் என்று குற்றம் சாட்டியிருந்தது. பொலிவியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2013ஆம் ஆண்டைப் பன்னாட்டுக் கினோவா ஆண்டாக அறிவித்த காலத்தை ஒட்டி விலை கடுமையாக ஏறியதும், அப்போது இந்தக் குற்றச்சாட்டு உலகெங்கும் ஒலித்ததும் உண்மை. விற்ற உழவருக்கு அந்த விலை வருமானமாகவும் வந்தது என்பதைக் குற்றம் சாட்டுவோர் மறந்துவிடுகிறார்கள். பிறகு வேறு நாடுகளும் பயிரிடத் தொடங்கி, 2015 வாக்கில் விலை சரிந்தபோது அதே உழவர்கள் அடிபட்டார்கள். அதைப் பற்றி அவ்வளவு பேர் எழுதவில்லை. தென் பொலிவியாவின் உப்புப் படுகைகளை ஒட்டிய மேட்டுநிலத்தில், லாமா என்னும் ஒட்டக இனக் கால்நடை மேய்ந்த தரையையும் உழுது கினோவா விதைத்ததால் மண் அரிப்புக்கு ஆளானது என்பதே எனக்குக் கூடுதல் கவலை தரும் செய்தி. இது தனிக் கட்டுரைக்குரிய பொருள். தங்கள் இணைப்பில் யாரேனும் எழுதினால் நன்றாக இருக்கும்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டே. கட்டுரையில் வந்த புரத அளவு சமைக்காத விதைக்கு உரியது என்ற திருத்தத்தை, சமைத்த 100 கிராமுக்கான அளவோடு சேர்த்து வெளியிட வேண்டும். கூடவே, விதையை நுரை வருவது நிற்கும்வரை கழுவ வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். திருத்தங்களுக்கு வழக்கமாகத் தாங்கள் ஒதுக்கும் நான்காம் பக்கத்து மூலை வேண்டாம். கட்டுரை வந்த ஞாயிறு இணைப்பிலேயே அவை வந்தால், அதைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருப்பவர்கள் கண்ணில் படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்